துறைமுகப் படிக்கு ஒரு கைப்பிடி

எங்கள் தோர்ஸித் தீவின் பெருமன்றம்தான் உலகத்திலேயே பழைமையானது. அதைவிடப் பழைய மன்றங்கள் நாலு இடத்தில் இருப்பதாக வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. அவற்றை எங்கள் மன்றம் அங்கீகரிக்கவில்லை. ஆகையால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

தீவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அவர்களில் இருபத்தெட்டுப் பேர் மன்ற உறுப்பினர்கள். கார் ஓட்ட அனுமதி இல்லை. துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு ஆட்களையும் பெட்டிகளையும் டிராக்டர் வண்டியில் ஏற்றி வருவது என் வேலை. பெயர் வில்ஃப்ரெட் மாஷோன். மன்றத்தோடு எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது முப்பது அடி நீளத்தில் ஓர் இரும்புக் குழாய், அவ்வளவுதான்.

விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன். என் மனைவி ஐவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் படகேறிப் பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறாள். படகுக்கு இறங்கத் துறைமுகச் சுவரை ஒட்டி இருபத்தாறு கல்படிகள் உண்டு. கடல் வற்றியிருக்கும்போது கீழ்ப்படிகளெல்லாம் பாசி. அங்கே பிடித்துக்கொள்ள ஒரு குழாய் இருந்தது. ஜனவரி எட்டாம் தேதிப் புயல் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

பத்தாம் தேதி எட்மண்ட் ரொபேரின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். எட்மண்டும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"குழாய் இருக்கு, மெஷின் இருக்கு, கை இருக்கு. ஒரு மத்தியானம் போதும், காசும் வேண்டாம்," என்றான். "ஆனா மன்றத்துக் காகிதம் இல்லாம அந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிச்சாலும் வீடு வாசல் போயிடும்னு ஆயிரத்து அறுநூத்திப் பதினொண்ணுலேர்ந்து சட்டம். என் பட்டறை நிக்கறதே மன்றத்து நிலத்துல. நீ போய்க் காகிதம் வாங்கிட்டு வா."

"என்ன காகிதம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன்யா வெல்டிங் பண்றேன்? உறுப்பினரா ஆகியிருக்க மாட்டேனா?"

மன்றம் வருஷத்துக்கு நான்கு தடவை கூடும். கிறிஸ்துமஸ் கழித்து ஒன்று, ஈஸ்டர் கழித்து ஒன்று, நடுக்கோடையில் ஒன்று, செப்டம்பர் இருபத்தொன்பதில் மிக்கேல் திருநாளன்று ஒன்று. துறைமுகத்துக்கு மேலே இருக்கும் பள்ளிக்கூடத்து ஹாலில்தான் கூட்டம். பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. உறுப்பினர்கள் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்காருவார்கள். தரையில் பேட்மின்டன் கோடு போட்டிருக்கிறது. இடப்பக்கக் கட்டத்தில் நிலக்காரர்கள், வலப்பக்கத்தில் மற்றவர்கள். நடுக்கோட்டை மிதிப்பவர் அன்று பேசும் உரிமையை இழப்பார். கோடு போட்டுப் பதினைந்து வருஷம்தான் ஆகிறது, ஆனால் மரபு பழையது என்கிறார்கள்.

முதலில் பழைய நார்மன் பாஷையில் ஒரு ஜெபம் நடக்கும். அதில் 'ஆமென்' மட்டும் எல்லோருக்கும் புரியும். பிறகு வருகைப் பதிவு. ஆயிரத்து எழுநூற்று மூன்றில் கூட்டத்துக்கு வரும் வழியில் படகு கவிழ்ந்து மூழ்கிய மூன்று உறுப்பினர்களின் பெயரையும் வாசிப்பார்கள். அவை முழுவதும் எழுந்து நின்று, "இன்னும் கரை சேரவில்லை" என்று சொல்லும். எழுத்தர் ஹெரிவெல் அவர்களுக்கு விடுப்பு என்று குறித்துக்கொள்வார்.

ஜனவரிக் கூட்டத்தில் என் மனுவை அவரிடம் நீட்டினேன்.

"என்ன மாஷோன் இது?"

"மனுங்க ஐயா. படிக்குக் கைப்பிடி வைக்கறதுக்கு."

"எத்தனை மடிப்பு?"

"ரெண்டு."

"மூணா மடிக்கணும்."

அங்கேயே மூன்றாக மடித்துக் கொடுத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது இங்க வந்தப்புறம் மடிச்சது. மடிச்சுக் கொண்டு வரணும்னு விதி."

"அப்ப வெளியில போய் மடிச்சுக் கொண்டு வரட்டுங்களா?"

"தாராளமா," என்றார் ஹெரிவெல். "ஈஸ்டருக்குக் கொண்டு வாங்க."

மார்ச் பதினான்காம் தேதி பத்தொன்பதாவது படியில் ஐவி சறுக்கினாள். படகுக்காரர் கையை எட்டிப் பிடித்ததால் இடுப்பில் கன்றியதோடு போயிற்று. அன்று மாலை வண்டியில் ஏற்றும்போது, "மனுவை எத்தனையா மடிச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"மூணா."

"நல்லது. நான் விழுந்தா என்னையும் மூணா மடிச்சு எடுத்துட்டுப் போ. மறுபடியும் திருப்பி அனுப்பிடப் போறாங்க."

ஈஸ்டர்க் கூட்டத்தில் மனு ஏற்கப்பட்டது. எனக்குச் சொந்த நிலம் இல்லாததால் அதை ஒரு நிலக்காரர்தான் வாசிக்கலாம். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி திருமதி காரே வாசித்தார். வாசித்து முடித்ததும் ரெனூஃப் எழுந்தார். தீவின் பாதைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். துறைமுகக் குழுவுக்கும் அவரேதான்.

"அவையோர்களே, முதல் பன்னிரண்டு படி எப்பவும் தண்ணிக்கு மேல இருக்கு. ஆகவே அது பாதை. கீழ் பதினாலு படி நாளுக்கு ரெண்டு தடவை தண்ணிக்குள்ள போயிடுது. ஆகவே அது துறைமுகம். ஒரே குழாயை ரெண்டு குழு எப்படி நட முடியும்? பாதைக் குழுத் தலைவர்ங்கற முறையில துறைமுகக் குழுத் தலைவருக்குப் பிப்ரவரியிலேயே கடுமையா ஒரு கடிதம் எழுதினேன். இதுவரைக்கும் பதில் இல்லை. அந்த மனுஷனோட அலட்சியத்தை இந்த அவையில நான் வன்மையா கண்டிக்கறேன்."

அவை மேசையைத் தட்டியது. ரெனூஃப் உட்கார்ந்தார். உடனே மறுபடி எழுந்தார்.

"இப்ப துறைமுகக் குழுத் தலைவர்ங்கற முறையில சொல்றேன். அந்தக் கடிதத்தோட தொனி எனக்குப் பிடிக்கலை. மரியாதையா எழுதினா மரியாதையா பதில் போடுவேன். மிரட்டறவனுக்குப் போட மாட்டேன்."

இதற்கும் மேசையைத் தட்டினார்கள். அவையை நடத்துகிறவரை நாங்கள் செனஷல் என்போம். இப்போதைய செனஷல் திரு. கிளெமெண்ட் தெ லா ரூ. இரு தரப்பும் காட்டிய பொறுமையைப் பாராட்டிய அவர், நேரில் சந்தித்துப் பேசி முடிவுக்கு வரும்படி ரெனூஃபைக் கேட்டுக்கொண்டார். அதற்கு நடுக்கோடைவரை அவகாசம் தரப்பட்டது.

நடுக்கோடைக்குள் ரெனூஃப் தன்னோடு சமாதானமாகிவிட்டார். மனு வாக்கெடுப்புக்கு வந்தது. சுவரோரத்து உடற்பயிற்சி பெஞ்சில் ஐவியும் நானும் பொதுமக்களாக உட்கார்ந்திருந்தோம். பொதுமக்கள் பேசக்கூடாது. இரும வேண்டுமானால் இடப்பக்கம் திரும்பி இரும வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன் செனஷல் பேசினார். "இந்தப் படியிலதான் நம்ம முன்னோருங்க ஏறினாங்க, இறங்கினாங்க. முதல்ல குழாய் இல்லாமதான் இருந்திருக்கும். வலுவுள்ள கால்தான் அவங்களுக்குக் குழாய். ஒரு குழாயை வச்சிட்டா நாளைக்கு விளக்கு கேப்பாங்க. விளக்கு வச்சா, இருட்டினப்புறமும் படகு விடச் சொல்லுவாங்க. அப்புறம் இந்தத் தீவுக்கும் கரைக்கும் என்னங்க வித்தியாசம்? நாம தனியா இருக்கறதே நம்மகிட்ட வர்றது கஷ்டமா இருக்கறதாலதான். மாஷோன் அம்மாவுக்காக நான் தினமும் ஜெபம் பண்றேன். அதுக்கு மன்றத்தோட அனுமதி தேவையில்லை."

ஐவி இடப்பக்கம் திரும்பி இருமினாள்.

ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு பன்னிரண்டு. இரண்டு பேர் வைக்கோல் உலர்த்தப் போயிருந்தார்கள். நான் ஐவியின் கையைப் பிடித்தேன். அதற்குள் ஹெரிவெல் கணக்கை வாசித்தார்: "ஆதரவு பதினாலு. எதிர்ப்பு பதினஞ்சு. மனு தள்ளுபடி."

வெளியே வந்ததும் அவரை நிறுத்திக் கேட்டேன். "ஐயா, பன்னெண்டு கைதானே தூக்கினாங்க?"

"கரை சேராத மூணு பேர் இருக்காங்களே."

"அவங்க எதிர்ப்புன்னு எப்படிங்க தெரியும்?"

"எழுநூத்தி மூணுலேர்ந்து எல்லாத்துக்கும் எதிராத்தான் எழுதிட்டு வர்றோம். திடீர்னு மாத்தினா அவங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும் மாஷோன்."

ஜூலை இருபத்திரண்டாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அக்டோபர் முதல் தேதிக்குள் பாதுகாப்பான போக்குவரத்துக்குப் படகுக்காரரின் சான்று தர வேண்டும். இல்லையென்றால் நோயாளி பெரிய தீவிலேயே தங்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு அறை பார்த்தும் வைத்திருந்தார்கள், ஒரே ஒருவர் தங்கும் அறை. நானும் கூடப் போனால் எங்கள் வீடு போய்விடும். தொண்ணூறு இரவு அடுப்பு எரியாத வாடகை வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் மன்றத்துச் சட்டம்தான்.

கடிதத்தை ஐவி இரண்டு தடவை படித்தாள். "நாப்பத்திரண்டு வருஷம் உன் குறட்டையைக் கேட்டாச்சு," என்றாள். "ஒரு ஆள் அறைன்னதும் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். இல்லை."

ஆகஸ்ட் முழுவதும் பார்த்த உறுப்பினரிடமெல்லாம் பேசினேன். எல்லோரும் என் பக்கம்தான். எல்லோரும் மரபின் பக்கமும்தான்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது ஐவிதான் கூக்குரலை நினைவுபடுத்தினாள். எங்கள் பக்கத்துத் தீவுகளில் இப்படி ஒரு பழைய உரிமை உண்டு. ஒருவன் தனக்கு அநீதி நடக்கும்போது, இரண்டு சாட்சிகள் முன்னால் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டு மூன்று தடவை 'ஹாரோ' என்று கத்தி இளவரசரைத் துணைக்கு அழைத்தால், நடந்துகொண்டிருக்கும் காரியம் அந்த நொடியே நின்றுவிட வேண்டும். மன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் அதைத் தொடரக்கூடாது. நாற்பது வருஷத்துக்கு முன் ஒருவர் தன் வேலியை அண்டைவீட்டார் வெட்டும்போது கத்தினார். விசாரணை இன்னும் வரவில்லை. வேலி பாதி வெட்டினபடியே நிற்கிறது.

"மிக்கேல் திருநாள்ல கூட்டம் முடியறப்போ, கிறிஸ்துமஸ்வரைக்கும் ஒத்திவைக்கறோம்னு தீர்மானம் போடுவாங்கல்ல? அப்ப கத்து," என்றாள். "ஒத்திவைக்க முடியாது. குழாயைப் பத்திப் பேசித்தான் ஆகணும்."

இருபத்தொன்பதாம் தேதி ஐவியும் எட்மண்டும் சாட்சிகளாக என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தீவின் பிரபுவுக்கு என்று எப்போதும் காலியாக விட்டிருக்கும் நாற்காலியின் மெத்தையை மாற்றலாமா என்று இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. உட்காராத மெத்தை தேயாது என்று ஒரு கட்சி. வணங்கி வணங்கித் தேய்ந்திருக்கும் என்று ஒரு கட்சி. மெத்தை முடிந்தது. செனஷல் ஒத்திவைப்புத் தீர்மானத்தை எடுத்தார். நான் நடுக்கோட்டை மிதிக்காமல் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றி மண்டியிட்டேன்.

"ஹாரோ! ஹாரோ! ஹாரோ! இளவரசே, துணைக்கு வாரும்! எனக்கு அநீதி நடக்குது!"

ஹால் அப்படியே நின்றது. எழுந்துகொண்டிருந்த ரெனூஃப் பாதி எழுந்தவாறே நின்றார். ஹெரிவெல் மட்டும் பேனாவை எடுத்தார். கூக்குரலைப் பதிவது எழுத்தரின் தனிக் கடமை.

"யாருக்கு எதிரா?"

'ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு எதிராக' என்று வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். முழங்கால் வலித்தது. ஒன்பது மாதம் மனதில் ஓடியது. வாயில் வேறு வந்துவிட்டது.

"உங்க எல்லாருக்கும் எதிரா."

"எல்லாருக்கும்னா?"

"மன்றத்துக்கு."

ஹெரிவெல் எழுதினார். மை காய ஊதினார். பிறகுதான் என்ன எழுதினோம் என்று படித்தார். அவர் முகம் வெளுத்தது.

"செனஷல் அவர்களே, மன்றம் இந்த நொடியிலேர்ந்து நின்னு போச்சு."

"நிக்கட்டும்," என்றார் செனஷல். "ஆயிரம் வருஷமா இந்தத் தீவுல யாரும் கூக்குரலை மீறினதில்லை. நாமளும் மீற மாட்டோம். விசாரணையைத் தொடங்கலாம்."

"விசாரிக்க வேண்டியது மன்றம்."

"ஆமா."

"மன்றம் நின்னிருக்கு."

"எப்ப மறுபடி தொடங்கும்?"

"விசாரணை முடிஞ்சதும்."

"அப்போ நாங்க வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்று கேட்டார் திருமதி காரே.

"ஒத்திவைப்புத் தீர்மானம் இல்லாம யாரும் அவையை விட்டுப் போகக்கூடாது," என்றார் ஹெரிவெல். "தீர்மானம் மன்றச் செயல்."

எட்மண்ட் என் காதருகே குனிந்தான். "மன்றமே இல்லேன்னா, துறைமுகச் சுவருக்கு யார்கிட்டய்யா அனுமதி கேக்கணும்?"

பதிலை ஐவிதான் சொன்னாள். "கேக்க ஆளே இல்லை. தண்ணி வத்தியிருக்கு. ஓடு."

எட்மண்ட் சாட்சி. சாட்சி வெளியே போகக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. குழாயைப் பிப்ரவரியிலேயே மூன்று துண்டாக அளவெடுத்து அறுத்து வைத்திருந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கூக்குரலிட்டவன் எழலாமா என்று ஹெரிவெல் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு காலை மட்டும் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்படியே உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு ரெனூஃபின் மனைவி இறைச்சி போட்டு வேகவைத்த பீன்ஸ் பானையைத் துணியில் சுற்றி ஜன்னலில் கொண்டுவந்து வைத்தார். உணவு இடைவேளையில்தான் சாப்பிடலாம், இடைவேளை அறிவிப்பதும் மன்றச் செயல் என்று ஹெரிவெல் விளக்கினார். பானை ஜன்னலிலேயே ஆறியது. இருபத்தெட்டுப் பேரும் அந்த வாசனையை முகர்ந்துகொண்டு சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றரை மணிக்குக் கீழே துறைமுகத்திலிருந்து கல்லைத் துளைக்கும் சத்தம் வந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் ரெனூஃப். பாதி எழுந்த நிலையிலிருந்து அவர் இன்னும் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்திருந்தார்.

"ட்ரில் மெஷின் மாதிரி இருக்கு," என்றார் யாரோ.

"யார் அனுமதி கொடுத்தா?"

"அதைக் கேக்கறது மன்றச் செயல்," என்றார் ஹெரிவெல்.

சத்தம் நாலரை மணிவரை விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் ரெனூஃபின் கன்னம் துடித்தது. நாலே முக்காலுக்கு எட்மண்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஐந்தரை மணிக்கு ஹெரிவெல் வழி கண்டுபிடித்தார். நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, எழுத்தர் கையெழுத்துப் போட்டது மட்டுமே நடந்ததாகக் கணக்கு. அன்றைய பக்கத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டால் கூட்டம் நடக்கவில்லை. கூட்டம் நடக்காத மிக்கேல் திருநாள் ஆயிரம் வருஷத்தில் வந்ததே இல்லை. ஆகவே அந்த நாளும் வரவில்லை.

"எழுதாதது நடக்கலை," என்று சொல்லி, பக்கத்தைக் கிழித்து மூன்றாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் பீன்ஸ் பானையை நோக்கிப் போனார்கள். ரெனூஃபின் தொழுவத்தில் அன்று பிறந்த கன்றுக்குட்டிக்கு இன்னும் வயது தொடங்கவில்லை.

மறுநாள் காலை படகுக்காரர் குழாயை ஆட்டிப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். ஐவி அதோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்கடுத்த நாள் காலை ரெனூஃப் படியில் நின்று குழாயைப் பார்த்தார். அக்டோபர் ஆறாம் தேதி அவசரக் கூட்டம் போட்டார்கள். எட்மண்டை அழைத்தார்கள்.

"இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் எங்க இருந்தே?" என்று கேட்டார் ரெனூஃப்.

"எந்த இருபத்தொன்பதுங்க?"

"சரியான பதில்," என்றார் ஹெரிவெல்.

செனஷல் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "இருபத்தெட்டாம் தேதி அந்தக் குழாய் இல்லைன்னு சொல்றவங்க இருக்காங்க. முப்பதாம் தேதி இருந்ததைப் படகுக்காரர் பார்த்திருக்கார். நடுவுல நாளே இல்லை. யாரோ வச்சாங்கன்னு சொன்னா, வைக்கறதுக்கு ஒரு நாள் இருந்துச்சுன்னு ஆகும். அந்த நாள் இருந்தா கூக்குரலும் இருக்கும். கூக்குரல் இருந்தா நாம இங்க இல்லை. நாம இருக்கோம். ஆகவே, அவையோர்களே, அதை யாரும் வைக்கலை. அது எப்பவும் அங்கதான் இருந்திருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் படலை."

அவை எழுந்து நின்று தட்டியது. இருபத்தெட்டு ஆதரவு, மூன்று எதிர்ப்பு. குழாய் தீவின் தொன்மைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. படியின் உச்சியில் 'காலம் அறியப்படாதது' என்று பலகை வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வழிகாட்டி ஒருவர் அது கடற்கொள்ளையர் காலத்ததாக இருக்கலாம் என்கிறார்.

எட்மண்ட் முப்பதாம் தேதி வந்து துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பூச்சும் மேலே இரண்டு கை வர்ணமும் அடிப்பதாக இருந்தான். சுவரில் வைத்த சிமென்ட் இறுகட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தான். தூரிகையோடு போனபோது ஹெரிவெல் தடுத்துவிட்டார். தொன்மைச் சின்னத்தை மாற்றவோ, தீட்டவோ, பழுதுபார்க்கவோ கூடாது. வேண்டுமானால் மனு போடலாம்.

இப்போது பிப்ரவரி. உப்புக் காற்றில் குழாய் செம்பழுப்பாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானப் படகில் ஐவி திரும்பினாள். இருபத்தாறு படியும் குழாயைப் பிடித்தபடி, ஐந்து படிக்கு ஒரு தடவை நின்று, மேலே வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். துரு அப்பியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தாள்.

"வர்ணம் அடிக்காம எத்தனை வருஷம் தாங்குமாம்?"

"ஏழு வருஷம்னு எட்மண்ட் சொல்றான். நான் மனு எழுதிட்டு இருக்கேன். மூணாத்தான் மடிச்சிருக்கேன்."

"வேண்டாம், கிழிச்சுப் போடு," என்றாள் ஐவி. "ஏழு வருஷம் எனக்குத் தாராளம். வண்டியை எடு, குளிருது."